மாதக்கணக்கில் கடலில்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கடற்படைக் கப்பல்களில் 21 வருடம் இருந்தவன் நான். பாதிக்கு மேல் இன்ஜின் ரூமில். முதல் நீண்ட பயணத்துக்குத் தயாராகிறவர்களும் வீட்டில் காத்திருப்பவர்களும் தாராளமாகக் கேளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: எந்தக் கப்பல், எங்கே போகிறது, என்றைக்குக் கிளம்புகிறது என்று யாரும் எழுத வேண்டாம்.

கேள்வி: அண்ணா, முதல் தடவை போகிறேன். கப்பலில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

பதில்: தம்பி, அங்கே எல்லாம் வாட்ச் கணக்குதான். வாட்ச் என்றால் ஆள் மாற்றி ஆள் முறைபோட்டுப் பார்க்கும் பணி நேரம். பழைய முறையில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு வாட்ச். மாலை 4 முதல் 8 வரை உள்ளதை மட்டும் இரண்டாகப் பிரிப்பார்கள். அதனால் ஒரு நாளைக்கு ஏழு வாட்ச் வரும். ஆட்கள் இரண்டு பிரிவாக இருந்தாலும் மூன்று பிரிவாக இருந்தாலும் ஏழு மீதியில்லாமல் வகுபடாது. ஆகவே நள்ளிரவு வாட்ச் தினமும் ஒரே ஆள் தலையில் விழாது.

ஆட்களுக்குள் இது நியாயமான பங்கீடு. உடம்புக்குத்தான் ஒத்துவராது. இன்றைக்கு இரவு 12 மணிக்கு எழுப்பி, நாளைக்கு 4 மணிக்கு எழுப்பினால் தூக்கம் எந்த நேரத்தில் வரவேண்டும் என்றே அதற்குத் தெரியாமல் போய்விடும். 2017-ல் அமெரிக்கக் கடற்படையின் ஃபிட்ஸ்ஜெரால்ட், ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற இரண்டு கப்பல்கள் இரண்டு மாத இடைவெளியில் வணிகக் கப்பல்களோடு மோதின. 17 பேர் இறந்தார்கள். விசாரணையில் வெளிவந்த காரணங்களில் களைப்பும் ஒன்று. அதற்குப் பிறகுதான் அங்கே தினமும் ஒரே நேரத்தில் வாட்ச், ஒரே நேரத்தில் தூக்கம் என்ற முறையை வலியுறுத்த ஆரம்பித்தார்கள். உன் கப்பலில் எந்த முறை இருந்தாலும் சரி, தூங்கக் கிடைத்த நேரத்தில் தூங்கு. போன் பார்த்துக் கழிக்காதே.

வாட்ச் முடிந்தால் ஓய்வு என்றும் நினைக்காதே. பராமரிப்பு, துப்புரவு, தீயணைப்புப் பயிற்சி எல்லாம் அந்த இடைவெளியில்தான். கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை. அணைக்க வெளியிலிருந்து யாரும் வரவும் மாட்டார்கள். அதனால் அந்தப் பயிற்சி அலுப்புத் தட்டினாலும் முழு மனதோடு செய். படுக்கை மூன்றடுக்கு. புரண்டால் தோள் மேல்தட்டில் இடிக்கும். ஒரு திரைச்சீலை இருக்கும், உனக்கென்று இருக்கும் தனியிடம் அவ்வளவுதான்.

அப்புறம், ஏணிப்படியில் ஏறினாலும் இறங்கினாலும் ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். தேநீர்க் கோப்பையோடு இறங்கியவர் முதுகெலும்பு நொறுங்கிப் படுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கடல் குமட்டல் எனக்கு நிச்சயம் வரும். என்ன செய்யலாம்?

பதில்: உள்ளே அறையில் நிற்கும்போது கண் 'எதுவும் அசையவில்லை' என்கிறது, உள்காது 'எல்லாம் ஆடுகிறது' என்கிறது. இரண்டும் முரண்படுவதால்தான் குமட்டல். முடிந்தால் மேலே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். படுக்க வேண்டும் என்றால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் படுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. வயிற்றைக் காலியாக விடாமல் காய்ந்த ரொட்டி, பிஸ்கட் எதையாவது கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். மாத்திரையைக் கிளம்பும் முன்பே போடவேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது. சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும், ஆகவே மருத்துவ உதவியாளரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். பழகாதவர்களும் உண்டு. புகழ்பெற்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி அட்மிரல் நெல்சனுக்கே கடைசிவரை குமட்டல் விடவில்லை.

கேள்வி: குளிக்கத் தண்ணீர் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். கடல்நீரை உப்பு நீக்கித்தான் எடுக்கிறார்கள், அதனால் அளவோடு. நனை, குழாயை மூடு, சோப்புப் போடு, திற, அலசு. இரண்டு நிமிடம்.

கேள்வி: நீர்மூழ்கிக் கப்பலில் வாழ்க்கை எப்படி?

பதில்: நான் அதில் இருந்ததில்லை. இருந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: சார், வாந்தி வராமல் இருக்க ஏதாவது வழி?

பதில்: மேலே விரிவாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கூட இருப்பவர்களோடு சண்டை வருமா? நான் கொஞ்சம் கோபக்காரன்.

பதில்: வரும். எதற்கு வரும் என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் மெஸ்ஸில், அதாவது நாங்கள் சேர்ந்து தங்கும் அறையில், இரண்டு பேர் பதினோரு நாள் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு துண்டு. ஈரத் துண்டை ஒருவர் தன் கொக்கியில் மாட்டினார்; கப்பல் சாயும்போதெல்லாம் அது ஆடி, கீழ்ப்படுக்கைக்காரர் முகத்தில் பட்டது. கரையில் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். கப்பலில் கதவைச் சாத்திக்கொண்டு போக வேறு இடம் கிடையாது, கடுகு மலையாகிவிடும். பன்னிரண்டாம் நாள் ஒரு மூத்தவர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அந்தக் கொக்கியைக் கழற்றிக் கால்பக்கம் மாட்டினார். அத்தோடு முடிந்தது. கோபம் வந்தால் முதலில் 'எத்தனை மணி நேரம் தூங்கினேன்' என்று உங்களையே கேளுங்கள். என் சண்டைகளில் பாதிக்கு அதுதான் காரணம்.

கேள்வி: நான் இப்போது பயணத்தில்தான் இருக்கிறேன். காலண்டரில் தினமும் ஒரு கட்டம் அடிக்கிறேன். ஆனாலும் நாள் நகரவே மாட்டேன் என்கிறது.

பதில்: அந்தக் காலண்டரை மடித்து வைத்துவிடுங்கள். திரும்பும் தேதி உங்கள் கையிலும் இல்லை, உங்கள் கேப்டன் கையிலும் இல்லை. எங்கள் பயணம் ஒன்று 23 நாள் நீண்டது. லாக்கர் கதவின் உள்பக்கம் பென்சிலால் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்த பையன் ஒருவன் இருந்தான். கோடு தீர்ந்த அன்றைக்குக் கப்பல் வேறு திசையில் திரும்பியது. அடுத்த வாரம் வாட்சில் எண்ணெய் அழுத்தம் இறங்கியது அவன் கண்ணிலேயே படவில்லை. பக்கத்தில் இருந்தவர் பார்த்ததால் இன்ஜின் தப்பித்தது.

மறுப்பு (பத்து வருடம் டெக்கில் இருந்தவர்): இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. எண்ணியதால்தான் நான் தாக்குப்பிடித்தேன். முடிவே தெரியாத நாட்கள் இன்னும் கொடுமை.

பதில்: சரி, முடிவு வேண்டும்தான். அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்கிறேன். இந்த வாட்ச் முடியும். இந்த வாரத் தபால் வரும். இவற்றை யாரும் 23 நாள் தள்ளிப்போட முடியாது.

அதே நபர்: தபாலும் தள்ளிப்போகும்.

பதில்: உண்மை. போயிருக்கிறது. அப்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

குறுக்கே ஒரு சகோதரி: அண்ணா, கப்பலில் இருப்பவர்கள் எண்ணாமல் இருக்கலாம். வீட்டில் நாலு வயதுக் குழந்தை "அப்பா எப்ப?" என்று தினமும் கேட்கிறதே! காகித வளையங்களைச் சங்கிலியாகக் கோத்து, தினம் ஒன்றைக் கிழித்தோம். சங்கிலி தீர்ந்தது, அவர் வரவில்லை. குழந்தை அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த தடவை மாற்றிச் செய்தேன். ஒன்றுமில்லாமல் ஆரம்பித்து, தினம் ஒரு வளையம் சேர்த்தோம். அன்றைக்கு அவள் செய்ததை உள்ளே எழுதினோம். அவர் வந்தபோது சங்கிலி வாசலிலிருந்து சமையலறைவரை போயிருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

பதில்: அம்மா, இத்தனை வருடத்தில் எனக்கு இது தோன்றவில்லை. காலண்டர் தம்பி, நீங்களும் இதையே செய்யுங்கள். நானும் ஒரு நோட்டு வைத்திருந்தேன், ஆனால் மனம் போனபோது மட்டும் எழுதுவேன். ஒரு வரி இப்படி இருக்கிறது: "களைத்துப்போன சின்னப் பறவை ஒன்று கம்பியில் வந்து உட்கார்ந்தது, வாட்ச் முடியும்வரை போகவில்லை." இன்னொன்று, ராத்திரி கப்பல் கிழித்த தண்ணீர் பச்சையும் நீலமுமாக ஒளிர்ந்தது பற்றி. நீரைக் கலக்கினால் ஒளிவிடும் நுண்ணுயிர்கள் அவை. எந்த மாதம் என்றுகூட நினைவில்லை, அந்த ஒளி மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

டெக்கில் இருந்தவர்: சேர்த்துக்கொண்டே போவதும் எண்ணுவதுதான் அண்ணா.

பதில்: ஆமாம். அந்த அளவுக்கு உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

கேள்வி: இஞ்சி சாப்பிட்டால் குமட்டல் நிற்குமா?

பதில்: சிலருக்குக் குறையும். குமட்டல் பற்றி இனி பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: கணவரிடமிருந்து ஒரு வாரமாகச் செய்தியே இல்லை. பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, கப்பல்கள் சில சமயம் வெளித்தொடர்பை மொத்தமாக நிறுத்திவிடும். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் இருப்பதற்காக அப்படிச் செய்வார்கள். கப்பல் முழுக்க எல்லோருக்கும் அப்படித்தான். விபரீதம் ஏதாவது என்றால் அதிகாரிகளே முறைப்படி உங்களிடம் வந்து சொல்வார்கள். அவர் கப்பலில் இருக்கும் மற்றவர்களின் வீட்டாரிடம் பேசிப் பாருங்கள், அங்கேயும் செய்தி நின்றிருக்கும். நீங்கள் எழுதுவதை நிறுத்தாதீர்கள். தொடர்பு திரும்பியதும் எல்லாம் மொத்தமாகப் போய்ச் சேரும். நான் அப்படி ஒன்பது கடிதங்களை ஒரே இரவில் படித்திருக்கிறேன்.

கேள்வி: சார், எங்கள் கப்பல் கிளம்பும் நாள் வந்துவிட்டது. தேதியோடு எழுதியிருக்கிறேன் பாருங்கள். கடைசியாக என்ன எடுத்துக்கொள்ளலாம்?

பதில்: தேதியை நீக்கிவிட்டேன். முதல் வரியிலேயே கேட்டுக்கொண்டேனே தம்பி. சிவப்பு வெளிச்சம் தரும் சின்ன டார்ச் ஒன்று எடுத்துக்கொள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிடும். டார்ச்சை ஒரு கையில் பிடி, இன்னொரு கை கைப்பிடியில். இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் பேசி, சில வாரம் செய்தி வராமல் போகலாம் என்று உன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போ.