நன்றாக இருக்கும்போது லித்தியத்தை நிறுத்தலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 28 வயது டாக்டர். களக்காடு பக்கம் வாழைத் தோட்டத்தில் தார் வெட்டிச் சுமக்கிற வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால் ராத்திரி பகல் தூக்கமில்லாமல், பேச்சை நிறுத்தாமல், அம்மா வளையலை அடகு வைத்து ஒரு பழைய லாரிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தான். பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்குகிற நோய்) என்றார்கள். மாத்திரையில் சரியாகி, ஒரு வருடத்தில் அவனாகவே நிறுத்தினான். ஊர்க் கொடை நேரத்தில் திரும்ப வந்துவிட்டது, சாமி வந்திருக்கிறது என்று நாங்களும் முதலில் விட்டுவிட்டோம், கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. இப்போது லித்தியம் ஒரு நாளைக்கு 900 மில்லிகிராம், ராத்திரி ஓலன்சபின் 10. ஆள் நன்றாக இருக்கிறான். ஆனால் கை நடுங்குகிறது, எடை 11 கிலோ கூடிவிட்டது, எந்நேரமும் தண்ணீர் குடிக்கிறான். கோட்டி மாத்திரை தின்றால் கிட்னி போய்விடும் என்று மாமா சொல்கிறார். பெண்ணும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நிறுத்திவிடலாமா? பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். முக்கியமாக, திடீரென்று நிறுத்தவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒன்று: இவ்வளவு எழுதிய நீங்கள் தம்பி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. மாத்திரையை விழுங்குகிறவர் அவர், கை நடுங்குகிறதும் அவருக்குத்தான். நீங்களும் மாமாவும் திண்ணையில் உட்கார்ந்து முடிவெடுத்தால் அவர் மறுபடியும் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவார்.

மாமா சொல்வது முழுப் பொய் இல்லை. லித்தியத்தைப் பல வருடம் சாப்பிடுகிற சிலருக்குச் சிறுநீரகத்தின் வேலை மெல்ல மெல்லக் குறையும். டயாலிசிஸ் வரைக்கும் போகிறவர்கள் ரொம்பக் குறைவு. ரத்தத்தில் லித்தியம் அளவுக்கு மேல் ஏறி ஏறி இறங்கினவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். தைராய்டு மந்தமாகலாம், அதற்குத் தனியாக மாத்திரை இருக்கிறது. இதெல்லாம் திடுதிப்பென்று வருகிற விஷயமில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), தைராய்டு, கால்சியம் மூன்றையும் பார்த்துக்கொண்டு வந்தால், ஏதாவது மாறும்போதே தெரிந்துவிடும், மருந்தை மாற்ற நேரமும் இருக்கும்.

நோய் அப்படி முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. நிறைய பேர் மாத்திரை சாப்பிடுகிற தம்பியை, ஒரு நோயும் இல்லாத பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒப்பிட வேண்டியது மாத்திரை இல்லாத இதே தம்பியோடு. அவர் எப்படி இருப்பார் என்று நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை, கொடையில் பார்த்துவிட்டீர்கள். (வந்த சாமி விடிவதற்குள் மலையேறிவிடும். தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் நிற்கிற சாமிக்கு டாக்டரைப் பார்ப்பதுதான் சரி.) லித்தியத்தை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்த பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பாதிப் பேருக்கு மேல் ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியிருந்தது. இந்த நோயில் தற்கொலை அபாயமும் உண்டு, எழுதக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். அதைக் குறைப்பதில் மற்ற மருந்துகளைவிட லித்தியத்துக்கு நல்ல பெயர் இருக்கிறது. ஒரே ஒரு தடவை லேசாக வந்துபோனவர் என்றால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன். இரண்டு தடவை வந்து, இரண்டாவது தடவை மாத்திரையை விட்டதால் வந்தவருக்கு நிறுத்தலாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என்றைக்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றாலும் குறைந்தது நாலு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துக்கொண்டு டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சரி, அதற்காகப் பக்கவிளைவைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கச் சொல்லவில்லை. எடை பெரும்பாலும் ஓலன்சபின் செய்கிற வேலை, லித்தியத்துக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு. ஆள் ரொம்ப நாளாக நிதானமாக இருந்தால் ஓலன்சபினைக் குறைக்கவோ மாற்றவோ முடியுமா என்று கேளுங்கள், நிறுத்துவதைப் பற்றிய பேச்சு இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கூடவே சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கச் சொல்லுங்கள். மெல்லிய கை நடுக்கம் லித்தியத்தால் வருவது, அளவைச் சற்றுக் குறைத்தாலே பலருக்கு அடங்கும், இல்லாவிட்டால் நடுக்கத்துக்குப் புரொப்ரனலால் என்ற மாத்திரை கொடுப்பார்கள் (வீசிங் இருந்தால் சொல்லிவிடுங்கள், ஆகாது). தாகமும் பெரும்பாலும் லித்தியத்தால்தான். தண்ணீர் குடிக்காதே என்று தயவுசெய்து தடுக்காதீர்கள், ஆனால் தாகத்துக்குக் கலர் வாங்கிக் குடித்தால் எடை இன்னும் ஏறும்.

எனக்குக் கிட்னியைவிடப் பெரிய கவலை அவருடைய வேலை. லித்தியம் ஒரு வகை உப்பு. உதவுகிற அளவுக்கும் கெடுக்கிற அளவுக்கும் நடுவே இடைவெளி குறைவு. 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர் இது மேனியாவை (உங்கள் தம்பிக்கு வந்த மாதிரி தூக்கமில்லாத மிதமிஞ்சிய வேகத்தை) அடக்குகிறது என்று எழுதினார். அதே வருடம் அமெரிக்காவில், சாப்பாட்டு உப்புக்குப் பதில் லித்தியம் குளோரைடை அளவில்லாமல் போட்டுச் சாப்பிட்ட இதய நோயாளிகள் சிலர் செத்தே போனார்கள். அதனால்தான் ரத்தத்தில் அளவு பார்க்கிறோம். உங்கள் தம்பி மாதிரி நிதானமாக இருப்பவர்களுக்குப் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை போதும், 1.5-ஐத் தாண்டினால் விஷம். ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும், மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இப்போது சித்திரை வெயிலில் தார் சுமக்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். வேர்த்து உப்பும் நீரும் போகப் போக, சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். சாயங்காலம் இடுப்பு வலிக்கு மெடிக்கலில் ‘வலிக்கு ரெண்டு கொடுங்க’ என்று கேட்டால் கிடைப்பது அநேகமாக டைக்ளோஃபினாக் இருக்கிற மாத்திரை. அதுவும், ஐபுபுரூஃபனும், சில பிபி மாத்திரைகளும், நீர் பிரிகிற மருந்துகளும் லித்தியத்தை ஏற்றிவிடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். சித்த மருந்து சாப்பிட்டாலும் வைத்தியரிடம் லித்தியம் விஷயத்தைச் சொல்லிவிட்டே சாப்பிடட்டும். வீட்டில் யாருக்கோ பிபி என்று மொத்தக் குடும்பமும் திடீரென்று உப்பைக் குறைப்பதும் அவருக்கு ஆகாது. விருந்துக் கறி ஒத்துக்கொள்ளாமல் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுத்தால் அடுத்த வேளை லித்தியத்தைப் போடாமல், உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே டாக்டருக்குப் போன் பண்ணுங்கள்.

கை பெரிதாக ஆடுவது, நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது, கண் சொருகுவது, இதெல்லாம் லித்தியம் ஏறிவிட்டதற்கு அடையாளம். பார்க்கிறவர்கள் குடித்துவிட்டு வந்திருக்கிறான், படுத்துத் தெளியட்டும் என்பார்கள். படுக்க விடாதீர்கள், நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போய், லித்தியம் சாப்பிடுகிறவர் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அவருடைய மருந்துச் சீட்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்து அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிடுங்கள். மனசு சம்பந்தமாக அவசரமாகப் பேச வேண்டுமென்றால் 14416 டெலி மானஸ் எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா என்றால், ஆமாம், சொல்லித்தான் ஆக வேண்டும், அதுவும் நிச்சயத்துக்கு முன்னால். மறைத்துக் கட்டிவைத்தால் முதலில் நின்றுபோவது மாத்திரைதான், புதுப் பெண்ணுக்குத் தெரியாமல் ஒளித்து ஒளித்து எத்தனை நாள் சாப்பிடுவார்? அப்புறம் நோய் திரும்பும், விஷயம் கோர்ட் வரை போகும், அந்தப் பெண்ணுக்குச் செய்த துரோகம் தனி. தம்பி சம்மதித்தால் பெண்ணையும் அவள் வீட்டாரையும் அவருடைய மனநல மருத்துவரிடமே ஒரு தடவை கூட்டிப் போங்கள், அவர்கள் கேட்க நினைப்பதை அங்கே கேட்கட்டும். இரண்டு இடம் தட்டிப்போகலாம், போகட்டும்.

இடம் அமைந்து தேதி குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தூக்கம் கெடுவது மேனியாவைக் கிளப்பிவிடும், கல்யாண வீட்டில் தூக்கம் கெடாத ஆளே கிடையாது. அந்த வாரம் ராத்திரி மாத்திரையை ஞாபகப்படுத்துவது யார் என்று அவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள், பத்து மணிக்கு அவருக்கு ஒரு அறையை ஒழித்துக் கொடுங்கள், முகூர்த்தத்தையும் விடியற்காலையில் வைக்காமல் ஒன்பது மணிக்கு மேல் பார்க்கச் சொல்லுங்கள்.