தண்ணீர் கொடுத்தவளையும் சுட்டார்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வ.உ.சி.யின் சிறைவாசம் பற்றி எழுதியதிலிருந்து, போர்க்காலத்திலும் வெள்ளையர் ஆட்சியிலும் நடந்த கொடுமைகள், அவற்றுக்கு நடுவே யாரோ ஒருவர் செய்த உதவிகள் என்று இதே விஷயமாகக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வ.உ.சி.யை வதைத்தது வெள்ளையர் ஆட்சி என்று எழுதினீர்கள். அவருக்கு உதவியவரும் ஒரு வெள்ளைக்காரர்தானே? அதையும் சொல்லலாமே? (தூத்துக்குடி வாசகர்)

கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 1908 ஜூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, அரசை எதிர்த்துப் பேசியதற்கு 20 ஆண்டு, சுப்பிரமணிய சிவாவுக்கு உதவியதற்கு 20 ஆண்டு என்று மொத்தம் 40 ஆண்டு தண்டனை கொடுத்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆனாலும் கோவைச் சிறையில் செக்கிழுத்து, கண்ணூர்ச் சிறைக்குப் போய், 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை, வக்கீலாக வாதாடுவதற்கான உரிமப் பத்திரமான சன்னதும் இல்லை. கைது செய்யப்பட்டபோது ஊரே கொதித்தெழுந்தது, திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தார்கள். அப்படிப்பட்ட மனிதர் சென்னையில் அன்றாடச் செலவுக்கே திண்டாடினார். அந்தச் சன்னது திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அதற்கு நன்றியாகத்தான் வ.உ.சி. தன் மகன் ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

பின்ஹே, வாலஸ் இருவரும் ஒரே அரசின் சம்பளக்காரர்கள். பின்ஹே செய்தது அரசு அவரிடம் எதிர்பார்த்த வேலை. வாலஸ் செய்ததை அவரிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை, செய்யாமல் இருந்திருந்தால் ஏன் என்று கேட்கவும் ஆளில்லை. அதனால் அந்த உதவி வாலஸின் கணக்கில்தான் சேர வேண்டும், அவரை அனுப்பிய ஆட்சியின் கணக்கில் இல்லை. "அவர்களிலும் நல்லவர்கள் இருந்தார்கள், ஆகவே ஆட்சி அவ்வளவு மோசமில்லை" என்று சிலர் வாதம் செய்யும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். வ.உ.சி. இந்த வித்தியாசத்தை நன்றாகப் புரிந்து வைத்திருந்தார். மகனுக்கு வாலஸின் பெயரை வைத்தார், ஆட்சியை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஜாலியன்வாலா பாக் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. எங்கள் பெருங்காமநல்லூர் எத்தனை பேருக்குத் தெரியும்? (உசிலம்பட்டி வாசகி)

மதுரைப் பக்கத்தைத் தாண்டினால் மிகச் சிலருக்குத்தான் தெரியும். இது எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்தல். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி என்று வைத்து, ஆண்கள் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும், சொல்லாமல் ஊரைவிட்டு நகரக் கூடாது, இரவில் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது குற்றப் பரம்பரைச் சட்டம். அந்தப் பக்கத்து மக்கள் இன்றும் ரேகைச் சட்டம் என்றுதான் சொல்கிறார்கள். பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அதில் ஒருத்தி மாயக்காள். சுடப்பட்டு விழுந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள், அவளையும் கொன்றார்கள் என்று ஊர் சொல்கிறது.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1919 ஏப்ரல் 13 அன்று, அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் டயர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1650 ரவை சுட வைத்தான். அரசு ஒப்புக்கொண்ட கணக்கே 379 பேர். சுட்டு முடித்ததும் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டு போய்விட்டான், அடிபட்டவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று இரவு ஊரடங்கு. ரத்தன் தேவி என்ற பெண் கணவனின் உடலை நாய்கள் தொடாமல் பார்த்துக்கொண்டு விடியும்வரை தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அடிபட்டுக் கிடந்த ஒரு சிறுவன், என்னை விட்டுப் போகாதே என்று கெஞ்சியதையும், அவன் தண்ணீர் கேட்டபோது எங்கேயும் கிடைக்காததையும் அவள் பிறகு காங்கிரஸ் விசாரணைக் குழுவிடம் வாக்குமூலமாகவே சொல்லியிருக்கிறாள். கணவன் பிணத்தைக் காத்துக்கொண்டிருந்தவள், குளிர்கிறதா, போர்த்திவிடட்டுமா என்று அந்தப் பையனிடம் கேட்டாளே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் சுலபமாகப் படிக்க முடிந்ததில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் படுகொலைக்கு 3 நாள் முன்னால் அதே ஊரில் ஷெர்வுட் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண்ணை ஒரு கூட்டம் சந்தில் அடித்துப் போட்டது. அது நம்மவர்கள் செய்த கொடுமை, மறைக்க வேண்டியதில்லை. அவளைத் தூக்கிப் போய்க் காப்பாற்றியவர்களும் அங்கிருந்த இந்தியர்கள்தான். டயர் அதற்குப் பதிலாக என்ன செய்தான் தெரியுமா? அந்தச் சந்து வழியாகப் போகும் இந்தியர் யாராக இருந்தாலும் வயிற்றால் ஊர்ந்துதான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டான். அடித்தவன் யார், காப்பாற்றியவன் யார் என்று பிரித்துப் பார்க்கும் அக்கறை அந்த உத்தரவில் இல்லை, சந்தில் குடியிருந்த எல்லோருக்கும் ஒரே தண்டனை. ரேகைச் சட்டமும் இதே புத்தியில் பிறந்ததுதான். அதனால் எந்தப் படுகொலை பெரிது என்று எண்ணிக்கையை வைத்து ஒப்பிடாமல் இரண்டையும் சேர்த்தே பாடத்தில் வைக்கலாம்.

பஞ்சத்தை இயற்கை என்பதா, கொடுமை என்பதா? (சேலம் வாசகர்)

மழை பொய்த்தது இயற்கை. அதற்கு மேல் நடந்ததெல்லாம் மனிதர்கள் எடுத்த முடிவு. உங்கள் சேலம் மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட தாது வருடப் பஞ்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 1876-78. அப்போது வைஸ்ராய் லிட்டன் சென்னை மாகாணத்துக்கு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வருபவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும். இது உயிரைத் தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், அரசு மருத்துவராக இருந்துகொண்டே, விடாமல் எழுதிச் சண்டை போட்டார்.

இதே டெம்பிள், சில வருஷம் முன்பு 1874-ல் பீகார்ப் பக்கம் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி இறக்கி மக்களைக் காப்பாற்றியவர், அங்கே பட்டினிச் சாவு மிகக் குறைவு. அதற்கு அவருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, பணத்தை வீணடித்தவர் என்ற பழிதான். சென்னைக்கு வந்தபோது அந்தப் பழியைத் துடைக்கிற மாதிரி நடந்துகொண்டார். இரக்கத்தைக் கண்டித்து, கஞ்சத்தனத்துக்குப் பதவி உயர்வு கொடுக்கிற ஒரு அரசு எத்தனை பேரைக் கொல்ல முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பெரியப்பா சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. ஜப்பான்காரன் எல்லோரும் அரக்கர்களா? அங்கே ஒருவர்கூட நல்லவர் இல்லையா? (கிள்ளான் வாசகர்)

உங்கள் பெரியப்பாவை நினைத்து முதலில் தலை வணங்குகிறேன். 1942-ல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் துரைமார்கள் ஓடிவிட்டார்கள், ரப்பருக்கு விலை போச்சு, அரிசி கிடைக்கவில்லை, தோட்டத்துச் சனங்கள் மரவள்ளிக் கிழங்கில் உயிர் பிழைத்தார்கள். அந்த நேரத்தில், நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) சம்பளம், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று ஆள் எடுத்தார்கள். நம்பிப் போனவர்கள் பலர், வளைத்துப் பிடித்து ஏற்றப்பட்டவர்கள் பலர். சரக்கு ரயில் பெட்டியில் அடைத்து சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு. அங்கிருந்து பர்மாவின் தன்பியூசாயாத் வரை 415 கிலோமீட்டர், காடும் மலையும் வெட்டி, 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேல், அதில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள், அதாவது தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர், இவர்களுக்குச் சரியான பேரேடே இல்லை. 1,80,000-க்கு மேல் போனார்கள், சுமார் 90,000 பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? போர்க்கைதிகளுக்குக் கூடவே ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கக்கூஸை இப்படி வெட்டு என்று கட்டுப்பாடு செய்ய அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு போன நம் ஆட்களுக்கு யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்ததும் முகாம் முகாமாகச் செத்தார்கள். பிற்பாடு சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமிலிருந்து போர்க்கைதி மருத்துவக் குழுக்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள், அதற்குள் காலம் கடந்துவிட்டது.

நல்லவர்கள் இருந்தார்களா என்றால், இருந்தார்கள். காஞ்சனபுரியில் பூன்போங் என்ற தாய்லாந்து வியாபாரி முகாம்களுக்குச் சாமான் விற்கிற சாக்கில் மருந்தும் பணமும் கடத்திக் கொடுத்தார், மாட்டினால் ஜப்பானிய ராணுவப் போலீஸ் உயிரோடு விட்டிருக்காது. பிரிட்டிஷ் அரசு அவருக்குப் பிறகு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது.

அரக்கர்களா என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த முகாம்களில் கைதிகளை அடித்த காவலர்களில் பலர் கொரியர்கள். கொரியா அப்போது ஜப்பானின் காலனி. தங்கள் மொழியையே பேச விடாத ஒரு ஆட்சி, ராணுவத்தின் கடைசிப் படியில் அவர்களை நிறுத்தியது. மேலே இருந்தவன் இவனை அறைந்தான், இவன் கைதியை அடித்தான், எல்லோருக்கும் கீழே தோட்டத் தொழிலாளி. போருக்குப் பிறகு நடந்த விசாரணைகளில் 148 கொரியர்கள் போர்க் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, 23 பேருக்கு மரண தண்டனை. அடித்த கைக்குத் தண்டனை வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மழைக்காலத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பாதையைச் சீக்கிரம் முடி என்று டோக்கியோவிலிருந்து கெடுவை முன்னுக்கு இழுத்தார்களே, அந்தக் காகிதம் கொன்ற அளவுக்கு எந்தக் காவலனின் மூங்கில் கழியும் கொல்லவில்லை என்பது என் கருத்து.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் 6,900-க்கு மேல் கல்லறைகள் வரிசையாக, பலவற்றில் பெயரோடு இருக்கின்றன. உங்கள் பெரியப்பா மாதிரி ஆட்களுக்கு அப்படி ஒரு கல் இல்லை. 2023-ல் அந்த ஊர் புத்தக் கோயில் வளாகத்தில் தமிழர்கள் முயற்சி எடுத்து ஒரு நடுகல் வைத்தார்கள். 80 வருஷம் ஆகிவிட்டது அதற்கு. முடிந்தால் குடும்பத்தோடு ஒரு தடவை போய் வாருங்கள்.

மன்னிக்கலாமா? (பினாங்கு வாசகி)

எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் கைதி, ரகசிய ரேடியோ வைத்திருந்ததற்காகக் காஞ்சனபுரியில் சித்திரவதைப்பட்டார். அப்போது கூட நின்று மொழிபெயர்த்தவர் நகாசே தகாஷி. நகாசே போர் முடிந்த உடனே கல்லறைகளைத் தேடும் குழுவோடு காட்டுக்குள் போனார், அப்புறம் வாழ்நாள் முழுக்கத் தாய்லாந்துக்குத் திரும்பத் திரும்ப வந்து பரிகாரம் தேடினார். 1993-ல் இருவரும் அங்கேயே சந்தித்தார்கள், லோமாக்ஸ் மன்னித்தார். அவர் மன்னித்தது சரி, ஏனென்றால் அடிபட்டது அவர் உடம்பு. செத்துப்போன தமிழனுக்காக நானோ நீங்களோ மன்னிக்க முடியாது, அந்த உரிமை நமக்கு இல்லை.

என் தாத்தா பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். வழியில் யாரோ யானை வைத்து ஆற்றைக் கடக்க உதவியதாகச் சொல்வார். இப்படி நடந்திருக்குமா? எழுதி வைக்கலாமா? (காரைக்குடி வாசகர்)

நடந்திருக்கலாம். 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள், பெரும்பாலோர் கால்நடையாக. வழியிலேயே இறந்தவர்கள் பல ஆயிரம். மணிப்பூர்ப் பக்கம் வரும் வழியில் வெள்ளையர்களுக்கு ஒரு பாதை, கறுப்பர்களுக்கு ஒரு பாதை என்று பிரித்து விட்டார்கள், சாப்பாடும் தங்க இடமும் முதல் பாதையில். 1942 ஜூன் வெள்ளத்தில், வடக்கே சௌகான் கணவாய் வழியாக வந்து தப்பா என்ற ஆற்றின் கரையில் மாட்டிக்கொண்டவர்களை, அஸ்ஸாமில் தேயிலைத் தொழிலில் இருந்த மக்ரெல் என்ற ஆங்கிலேயர் யானைகளோடு போய்க் கரையேற்றினார், சுமார் 200 பேர். அவருக்கும் ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. அந்த வெள்ளத்தில் யானையை இறக்கியவர்கள் பாகர்கள், அவர்கள் பெயர்களையும் நாம் மக்ரெல் பெயரளவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

உங்கள் தாத்தா பார்த்தது அதே இடமா என்பது அவர் வந்த வழியைப் பொறுத்தது. சௌகான் வழியாக வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், தமிழர்கள் பலர் அரக்கான் வழியாகவும், மணிப்பூர் எல்லையில் இருக்கும் தமு வழியாகவும் வந்தார்கள். யானைகள் அந்தக் காடுகளில் வேறு பல இடங்களிலும் வேலையில் இருந்தன. அதனால் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே போனில் பதிவு செய்யுங்கள். எந்த ஊரிலிருந்து கிளம்பினார், எந்த மாதம், மழை பெய்ததா, ஆறு எந்தப் பக்கம் ஓடியது, கூட வந்து வழியில் இறந்தவர்கள் யார், சோறு கொடுத்தது யார், கொடுக்க மறுத்தது யார், எல்லாவற்றையும் கேளுங்கள். பழைய கப்பல் சீட்டோ அகதி முகாம் சீட்டோ பெட்டியில் கிடந்தால் லேமினேஷன் செய்யாதீர்கள், மை கெட்டுவிடும். அப்படியே படம் எடுத்துவிட்டு, காற்றுப் புகும் காகித உறையில் போட்டு வையுங்கள்.