சரகோசாவுக்கு விடுங்கள் அக்கா

மகளைப் பள்ளிப் பரிமாற்றத்தில் பத்துக் கிழமை ஸ்பெயினில் உள்ள சரகோசாவுக்கு அனுப்பலாமா என்று கேட்டு, போன சனிக்கிழமை நீங்களும் அண்ணையும் மகளும் வந்திருந்தபோது, அவளுடைய மூன்று வருடச் சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் கோப்பில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தீர்கள். உயிரியலில் 2, அதாவது நல்ல புள்ளி, எடுத்த இடத்தில் பென்சிலால் வட்டம் வேறு. ஒரு மணி நேரத்தில் அவள் பேசியது மொத்தம் இரண்டே வசனம். மிச்சம் எல்லாம் நீங்கள், அப்புறம் போனில் ஸ்பீக்கரில் வந்த சுவிஸ் சித்தப்பா.

அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு "பயப்பட ஒன்றுமில்லை, யோசித்துச் சொல்கிறேன்" என்றுதான் அனுப்பினேன். யோசித்துவிட்டேன். இனி ஆறுதல் சொல்லப் போவதில்லை.

சித்தப்பாவின் வாதம் இதுதான்: டொக்டராக வேண்டிய பிள்ளை பத்துக் கிழமை ஸ்பெயினில் போய் நின்றால் புள்ளி விழும், இடம் கிடைக்காது, வேண்டுமானால் ஹங்கேரியில் காசு கட்டிப் படிப்பிக்கலாம். இங்கே ஜேர்மனியில் மருத்துவ இடங்களில் 30 சதவீதம் அபிட்டூர் என்ற பள்ளி இறுதிப் பரீட்சையின் புள்ளியை மட்டும் பார்த்துக் கொடுக்கப்படுகிறது, அந்த வரிசையில் நிற்பவர்கள் ஆகச் சிறந்த புள்ளியான 1.0 வைத்திருப்பவர்கள். மிச்ச இடங்களுக்கும் புள்ளி, நுழைவுச் சோதனை என்று ஆறு வருடப் படிப்புக்கு முன்னாலேயே ஒரு நீண்ட ஓட்டம் இருக்கிறது. ஓட ஆசைப்படும் பிள்ளை ஓடட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் 'மருத்துவம்' என்ற சொல் உங்கள் மகளின் வாயிலிருந்து ஒருதரம்கூட வரவில்லை. கடன் எடுத்து ஹங்கேரி என்ற பேச்சை இத்தோடு விடுங்கள். பிள்ளை கேட்காத படிப்புக்கு வீட்டைக் கடனில் போடுவதை நான் எந்தக் குடும்பத்துக்கும் சொன்னதில்லை. கணினி, பொறியியல் பற்றியும் கேட்டீர்கள், அதை உங்களுக்குச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அவள் சொன்ன இரண்டு வசனத்துக்கு வருகிறேன். "எஸ்பேக்கா என்னோடு ஏன் கோபித்தாள் என்று மூன்று நாள் எனக்கு விளங்கவில்லை. விளங்கினபோது எனக்குச் சரியான சந்தோஷம்." ('எஸ்பேக்கா' என்பது அவள் அந்த ஸ்பானியப் பிள்ளைக்கு வைத்த பட்டப்பெயர், காரணம் கேட்டேன், சொல்லவில்லை.) நீங்கள் அதைக் கேட்டுச் சிரித்தீர்கள். நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

நடந்தது உங்களுக்கும் தெரியும். பங்குனியில் அந்தப் பிள்ளை சரகோசாவிலிருந்து வந்து பத்து நாள் உங்கள் வீட்டில் நின்றது. ஸ்டேஷனில் இறங்கியதும் அண்ணைக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தது, அண்ணை கையை நீட்டியபடி சிலையாக நின்றார். அடுத்த நாள் ஒரு ஜேர்மன் வகுப்புத் தோழியின் வீட்டில் ஆறரைக்குப் பாண், சீஸ், வெள்ளரிக்காய் வைத்தார்கள். அதை மாலைச் சிற்றுண்டி என்று நினைத்து ஒரு துண்டோடு நிறுத்திவிட்டு, ஒன்பது மணிச் சாப்பாட்டுக்குக் காத்திருந்திருக்கிறது. அது வரவே இல்லை. பசியோடு உங்கள் வீட்டுக்கு வந்து, இரவு ஒன்பதரைக்குச் சோறும் கோழிக்கறியும் பரிமாறியதைப் பார்த்ததும் "இது எங்கள் நேரம்" என்று கத்தியதாம். ஸ்பெயினில் பகல் சாப்பாடு இரண்டு மூன்று மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். சாப்பிட்டு முடிந்தும் மேசையை விட்டு எழும்பாமல் கதைத்துக்கொண்டே இருப்பதற்கு அவர்களிடம் 'சோப்ரெமேசா' என்று தனிச்சொல்லே உண்டு. நம் வீட்டிலும் அது நடக்கிறது, பெயர்தான் இல்லை.

சண்டை வந்தது நாலாம் நாள். வெளியே போவோமா என்று அவள் கேட்க, உங்கள் மகள் "இல்லை, இன்றைக்கு நேரமில்லை, நாளைக்கு சோதனை" என்றாள். ஜேர்மன் பள்ளியில் வளர்ந்த பிள்ளைக்கு அது நேர்மையான பதில், அதில் காயப்பட ஒன்றுமே இல்லை. கேட்டவளுக்கோ அது முகத்தில் கதவைச் சாத்தினது மாதிரி. அவளுடைய ஊரில் "ஐயோ, எனக்கும் ஆசைதான், பார்ப்போமே" என்று இரண்டு சுற்று சுற்றித்தான் இல்லை என்ற இடத்துக்கு வருவார்கள். நம் ஆட்கள் "பார்ப்பம்" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்தானே அக்கா? சண்டை வந்து மூன்றாம் நாள் உங்கள் மகளுக்கு விளங்கினது அந்த இடத்தில்தான்: தன் அம்மா தொலைபேசியில் மாமிக்குச் சொல்லும் "பார்ப்பம்" இது, தான் சொன்ன "நைன்" என்ற ஜேர்மன் 'இல்லை' வேறு. அதை அவளுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. கோபித்த சினேகிதியை இழக்க மனமில்லாததால் தானே தோண்டிக் கண்டுபிடித்தாள்.

இனி சரகோசாவில் அவள்தான் விருந்தாளி. அங்கே பிள்ளைகள் ஆசிரியரைப் பெயர் சொல்லி, 'நீ' போட்டுக் கூப்பிடுவார்கள். இங்கே 'ஃப்ராவ்', 'ஹெர்' என்று குடும்பப் பெயரோடு பழகியவளுக்கு முதல் கிழமை நாக்கு எழும்பாது. புள்ளி 10-க்கு, 5 எடுத்தால் சித்தியடையலாம். இங்கே 5 என்றால் உங்களுக்கு நெஞ்சடைக்கும், ஆகவே அவள் போனில் "ஏழு எடுத்தேன்" என்று சொன்னால் பதறாதீர்கள். சனிக்கிழமை சந்திப்போம் என்பார்கள், மணி சொல்ல மாட்டார்கள். எட்டு என்றால் எட்டரை. இவள் ஏழு ஐம்பத்தைந்துக்குப் போய் நிற்பாள். அங்கே எல்லாரும் அவளை 'ஜேர்மன்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே பதினாறு வருடமாக "நீ உண்மையில் எந்த ஊர்?" என்று கேட்கப்பட்ட பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

"இதற்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று சித்தப்பா கேட்டார். பத்துக் கிழமைக்கு ஒரு வேலையும் கிடைக்காது. ஆனால் சரகோசாவுக்குப் பக்கத்தில் ஃபிகெருவேலாஸில் 1982-லிருந்து ஒப்பெல் என்ற ஜேர்மன் காரின் தொழிற்சாலை ஓடுகிறது. மாரிகாலத்தில் நீங்கள் வாங்கும் தக்காளி தெற்கு ஸ்பெயினின் அல்மேரியாவிலிருந்து லொறியில் வருகிறது. ஜேர்மன் ஆட்களுக்கும் ஸ்பானிய ஆட்களுக்கும் நடுவில் நின்று ஒரு "பார்ப்போம்"-ஐயும் ஒரு "நைன்"-ஐயும் சரியாக மொழிபெயர்க்கத் தெரிந்தவர்கள் சரக்குப் போக்குவரத்து அலுவலகங்களுக்குத் தேவை. அதற்கு மூன்று வருட ஆவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, உண்டு, மாதாமாதம் சம்பளத்தோடு. சட்டப்படி அதில் கால்வாசிக் காலம் வரை வெளிநாட்டில் பயிலலாம். இப்படித்தான் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை, அவள் சாய்வது இந்தப் பக்கம் என்று மட்டும் சொல்கிறேன்.

புள்ளிப் பயம் வீண். அபிட்டூருக்குக் கணக்கெடுப்பது கடைசி இரண்டு வருடம், அவள் போவது அதற்கு முன்னால். பள்ளிக்கு எராஸ்முஸ் பிளஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியப் பரிமாற்றத் திட்டத்தின் நிதி இருக்கிறதா என்று ஸ்பானிய ஆசிரியையிடம் கேளுங்கள், 30 நாளிலிருந்து 365 நாள் வரை தனிப் பிள்ளைகளை அனுப்ப அந்தத் திட்டத்தில் இடம் உண்டு. வீட்டுக்கு வீடு மாறி நிற்பதால் தங்க, சாப்பிடக் காசில்லை. அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது நீங்கள் சோறு போட்டால் கணக்கு சரி. மருத்துவக் காப்புறுதி அட்டையின் பின்பக்கம் ஐரோப்பிய அட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். அவளிடம் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் 180 நாளில் 90 நாள் என்ற எல்லை இருக்கிறது, டிக்கெட் போட முதல் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பல ஆயிரம் யூரோ கேட்கும் தனியார் முகவர்களிடம் போகாதீர்கள், இதற்காகச் சீட்டை உடைக்காதீர்கள். பள்ளி வழியில் நடந்தால் நடக்கட்டும், இல்லாவிட்டால் கோடை விடுமுறையில் மூன்று கிழமை அந்த வீட்டிலேயே போய் நிற்கட்டும்.

படிவத்தில் "நான் ஏன் போக விரும்புகிறேன்" என்று ஒரு பக்கம் இருக்கும். அதை அண்ணை எழுதிக் கொடுக்க வேண்டாம், நீங்களும் திருத்த வேண்டாம். வியாழக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். சித்தப்பாவுக்கு வேண்டுமானால் நான் போன் எடுக்கிறேன்.