தண்டனையை விலக்கும் பொத்தான் யார் கையில் இருக்க வேண்டும்? – கேள்வி பதில்

இணைய விளையாட்டுக்குள் ஒருவர் திருடினாலோ, பிற ஆட்டக்காரரைத் தாக்கினாலோ, விளையாட்டே அவருக்கு அபராதம், சிறை, காவலர் தாக்குதல் என்று ஏதேனும் தண்டனை விதிக்கிறது. அந்தத் தண்டனை வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ளும் வசதி ஆட்டக்காரருக்கு இருக்க வேண்டுமா என்ற கேள்வி, கேரள–தமிழக எல்லைக்கு இப்பக்கம் கொழிஞ்சாம்பாறையிலும் அப்பக்கம் பொள்ளாச்சியிலும் உள்ள எங்கள் நண்பர்களிடையே சில வாரங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வகை விளையாட்டுகளை ஆடிவருபவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். விளையாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட குற்றம் வேறு, விளையாட்டின் விதியையே மீறும் மோசடி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (வேலந்தாவளம், கல்லூரி மாணவர்): அண்ணா, காசு கொடுத்து வாங்கிய விளையாட்டில் நான் ஏன் சிறையில் உட்கார வேண்டும்? தண்டனை பிடிக்காதவர்கள் அதை அணைத்து வைக்க ஒரு பொத்தான் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

பதில்: தம்பி, தனியாக ஆடும் விளையாட்டாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, தாராளமாக அணைத்துக்கொள்ளலாம். பலர் சேர்ந்து ஆடும் உலகத்தில் உங்கள் தண்டனை உங்களுக்கு மட்டும் உரியதன்று. நீங்கள் பறித்த பொருள் இன்னொருவர் மூன்று மாலை நேரங்களைச் செலவிட்டுச் சேர்த்தது. அவருக்கு அந்த இழப்பை அணைத்து வைக்கும் பொத்தான் இல்லை.

1997இல் வெளிவந்த அல்டிமா ஆன்லைன் இதை முதலில் பெரிய அளவில் அனுபவித்த விளையாட்டு. ஐந்து கொலைக்கணக்கு சேர்ந்தவரின் பெயர் சிவப்பாக மாறிவிடும். சிவப்புப் பெயர்க்காரர் நகரத்துக்குள் கால் வைத்தால் காவலர் வெட்டி வீழ்த்துவர். அப்படியிருந்தும் நகரத்துக்கு வெளியே சுரங்கம் வெட்டப் போனவர்களும் மரம் வெட்டப் போனவர்களும் வழிமறிக்கப்பட்டுக்கொண்டே இருந்தனர். 2000ஆம் ஆண்டில் நிறுவனம் உலகத்தையே இரண்டாகப் பிரித்தது. ஃபெலுக்கா பழையபடி ஆபத்தான நிலமாக நீடித்தது. அதன் மறுபதிப்பான டிராம்மலில் சம்மதமில்லாமல் யாரும் யாரையும் தாக்க முடியாது. பெரும்பாலானோர் டிராம்மலுக்கே குடிபெயர்ந்தனர். கவனியுங்கள்: அங்கே விலகியவர்கள் தண்டனையிலிருந்து விலகவில்லை, குற்றத்திலிருந்தே விலகினார்கள். தாக்கப்படவும் முடியாது, தாக்கவும் முடியாது. இரண்டு கையையும் எடுத்துவிடுகிற அந்த விலகலை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கொள்ளையடித்த கையை உள்ளேயே வைத்துக்கொண்டு, விலங்கு மாட்ட வேண்டிய கையை மட்டும் வெளியே எடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

கேள்வி (பொள்ளாச்சி): பிஜிஎம்ஐ என்ற கைபேசித் துப்பாக்கி விளையாட்டில் என் கணக்கைப் பத்தாண்டுத் தடையில் போட்டுவிட்டார்கள். விலக்குப் பெற வழி உண்டா?

பதில்: அது விளையாட்டுக்குள் நடக்கும் குற்றமன்று, மோசடி செய்ததாக நிறுவனம் விதித்த தடை. அந்நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள்.

கேள்வி (பாலக்காடு, செவிலியர்): அண்ணா, இரவுப் பணி முடிந்து வந்து எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் ஆடுவேன். மேசை மேல் இருந்த ரொட்டியை எடுக்கப் போய்த் திருட்டுக் கணக்கில் மாட்டிக்கொண்டேன். காவலர் மறித்து அபராதமும் வாங்கினார், பையில் இருந்த திருட்டுப் பொருளையும் பிடுங்கிக்கொண்டார். என்னைப் போன்றவர்களுக்காவது விலக்கு வேண்டாமா?

பதில்: தங்கையே, உங்கள் குறை நியாயமானது. 2015 மார்ச்சில் அந்த விளையாட்டுக்கு நீதி முறை வந்தபோது எல்லாரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தோம். பொருளை நோக்கும்போது எழுத்து சிவப்பாக இருந்தால் அது பிறர் பொருள். தூக்கக் கண்ணில் அந்தச் சிவப்பு தெரியாமல் போவது இயல்பு. அமைப்புகளுக்குள் சென்று, குற்றமற்றவரைத் தாக்குவதைத் தடுக்கும் தேர்வை இயக்கி வையுங்கள். சந்தையில் நடந்து செல்லும் ஊர்க்காரர் மீது தவறி அடி விழாது. ரொட்டிக்கு அந்தத் தேர்வு உதவாது. எழுத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். மாட்டிக்கொண்டாலும் அஞ்ச வேண்டாம், சிறு அபராதம் நேரம் செல்லச் செல்லத் தானே கரையும்.

நான் எப்போதும் சொல்வது இதுதான்: எந்த விளையாட்டானாலும் கிளம்பும் முன் பாதுகாப்புத் தேர்வு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். தவறுதலாகக் குற்றம் செய்பவர்களுக்கு வேண்டியது செய்யும் முன் தடுக்கும் பூட்டு. பூட்டு நன்றாக இருந்தால் மன்னிப்புக்கு வேலையே இல்லை.

கேள்வி (கோபாலபுரம், தேங்காய் வியாபாரி): ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் நிலையத்தை விட்டுக் கப்பலை வெளியே எடுத்தாலே சண்டைக்குச் சம்மதித்துவிட்டதாகத்தானே பொருள்? அப்படியானால் தாக்கியவருக்குத் தண்டனையே எதற்கு?

பதில்: இந்த வாதத்தை நானும் ஒரு காலத்தில் பேசியவன். 2014இல் ஒருநாள் பேட்ஜர் என்ற சரக்குக் கப்பலில் ஒரு மாதத்துச் சேமிப்பை ஏற்றிக்கொண்டு ஜிட்டா சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் உவேடாமா என்ற மண்டலம்; பாதுகாப்பு மதிப்பு 0.5, அதாவது காவல் உள்ள பகுதிகளிலேயே கடைசிப்படி. வாயிலைத் தாண்டி வெளிப்பட்டதும் கேட்டலிஸ்ட் வகைச் சிறு கப்பல்கள் பத்துப் பன்னிரண்டு ஒரே நேரத்தில் வந்து இறங்கின. கவசம் போயிற்று, தகடு போயிற்று, உடற்சட்டம் எரிந்தது. என் கப்பல் வெடித்த பிறகு கான்கார்ட் காவல் படை வந்து அவர்கள் அத்தனை பேரையும் ஒருவர் விடாமல் அழித்தது. மொத்தம் இருபது விநாடிகூட ஆகவில்லை. பக்கத்தில் காத்திருந்த இன்னொரு கப்பல் என் சிதைவிலிருந்து சரக்கை அள்ளிக்கொண்டு போயிற்று.

கான்கார்ட் தடுப்பதில்லை, தண்டிக்க மட்டுமே செய்கிறது. மண்டலத்தின் பாதுகாப்பு மதிப்பு குறையக் குறைய அதன் வருகையும் தாமதமாகும். வெளியே கிளம்பியபோது நான் ஆபத்துக்குச் சம்மதித்தேன், உண்மைதான். ஆனால் தாக்குபவர் தன் கப்பலை இழப்பார் என்ற கணக்கோடு சேர்த்துத்தான் சம்மதித்தேன். அந்தக் கணக்கின் ஒரு பாதியை மட்டும் பின்னால் அழித்துவிட்டு, மறுபாதியைச் சம்மதம் என்று காட்டுவது நேர்மையான வாதமன்று. 2011 இறுதி வரை கான்கார்ட் அழித்த கப்பலுக்கும் காப்பீட்டுப் பணம் கிடைத்துவந்தது. பெயருக்குத் தண்டனை, நடைமுறையில் பெருமளவு விலக்கு. வழிப்பறி மிக மலிவான தொழிலாக இருந்தது. அந்தக் காப்பீட்டை நிறுத்திய பிறகுதான் எந்தக் கப்பலைத் தாக்கினால் கட்டுபடியாகும் என்று கொள்ளையர்கள் கணக்குப் போட வேண்டியதாயிற்று.

கேள்வி (வாளையாறு): கேரளப் பக்கம் வந்து ஆடினால் ஆன்லைன் ரம்மிக்குத் தண்டனை இல்லை என்கிறார்களே, உண்மையா?

பதில்: இது இங்கே பேசும் பொருளன்று; ஆனாலும் தவறான நம்பிக்கை பரவக்கூடாது என்பதால் சொல்கிறேன். கேரள அரசின் ரம்மித் தடையை அம்மாநில உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்ததைப் பிடித்துக்கொண்டு இப்படிப் பேசுகிறார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்கிறது. சோதனைச் சாவடியைத் தாண்டுவதால் எதுவும் மாறாது. கடன் ஏறியிருந்தால் இன்றே வீட்டில் சொல்லுங்கள்.

கேள்வி (சித்தூர், வழக்கறிஞர், பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் அன்று): ஐயா, தண்டனை விலக்கை அடியோடு மறுப்பது சரியா? நம் சட்டத்திலேயே சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றங்கள் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359ஆம் பிரிவு. சிறு காயம் பட்டவர் விரும்பினால் வழக்கை முடித்துக்கொள்ளலாம். கொலைக்கு அப்படி முடியாது. விளையாட்டில் கொல்லப்பட்டவர் அரை நிமிடத்தில் எழுந்து வருகிறார். அப்படியானால் அங்கே எல்லாக் குற்றமும் சமரசத்துக்கு உரியதே.

பதில்: வந்த கேள்விகளில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இதுதான். நீங்கள் சொல்லும் விலக்கில் பொத்தான் பாதிக்கப்பட்டவரின் கையில் இருக்கிறது. நான் மறுப்பது குற்றம் செய்தவரின் கையில் இருக்கும் பொத்தானை. நீங்கள் கேட்பது ஏற்கெனவே இரண்டு விளையாட்டுகளில் இருக்கிறது. எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி விளையாட்டில் ‘என் மீதான குற்றங்களைப் புகார் செய்’ என்றொரு தேர்வு உண்டு. இரண்டு நண்பர்கள் போர்ப்பயிற்சி செய்ய நினைத்தால் இருவரும் அதை அணைத்துவிட்டு மோதிக்கொள்ளலாம்; யார் தலைமீதும் பரிசுத்தொகை ஏறாது. அதே வகையைச் சேர்ந்த ஸ்டார் சிட்டிசனில் உங்கள் கப்பல்மீது இன்னொருவர் மோதிச் சேதமானால், குற்றச்சாட்டைப் பதிவு செய்வதா விட்டுவிடுவதா என்று உங்களையே கேட்கும். பதிவு செய்தால் அவர் கிளெஷர் சிறைக்குப் போய்ச் சுரங்கம் வெட்டித் தண்டனைக் காலத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டிவரலாம். விடுவித்தால் அத்தோடு முடிந்தது. வேலந்தாவளத்துத் தம்பி கேட்ட பொத்தானுக்கு உரிய இடம் இதுதான்.

தொடர்ச்சி (பொள்ளாச்சி, பள்ளி ஆசிரியை): வழக்கறிஞர் ஐயா சொல்வது ஏட்டில் அழகாக இருக்கிறது. ஐம்பது பேர் கொண்ட கூட்டம் ஒரு புதியவரை அடித்துவிட்டு, ‘புகாரை எடுத்துவிடு, இல்லையென்றால் தினமும் அடிப்போம்’ என்றால் அவர் என்ன செய்வார்? ஊரில் நடக்கும் சமரசங்களில் பாதி இப்படித்தானே நடக்கிறது?

தொடர்ச்சி (வழக்கறிஞர்): அம்மா சொல்லும் மிரட்டல் உண்மைதான். அதற்காகப் பாதிக்கப்பட்டவரின் உரிமையைப் பறித்தால், நண்பர்கள் இருவர் விளையாட்டாக மோதிக்கொண்டதற்கும் சிறை என்றாகிவிடும். பொதுவான நடுவர்களை வைத்துத் தீர்க்கலாமே?

பதில்: இருவரும் என் கடைக்கே வந்து இரண்டு மணிநேரம் பேசினார்கள், எனக்குப் படுவதைச் சொல்கிறேன். ஆசிரியையின் அச்சத்துக்கு விடை பொத்தானை எடுத்துவிடுவதில் இல்லை, அதை எப்போது அழுத்தலாம், அழுத்திய பின் மாற்றலாமா என்பதில் இருக்கிறது. சம்பவம் நடந்த சில விநாடிகளுக்குள் தேர்வு முடிந்துவிட வேண்டும். ஒருமுறை பதிந்த புகாரைத் திரும்பப் பெற முடியக்கூடாது. திரும்பப் பெற வழியே இல்லாத புகாருக்காக மிரட்டிப் பயன் இல்லை. இந்த இரண்டும் இருந்தால் வழக்கறிஞரின் உரிமையும் நிற்கும், ஆசிரியையின் புதியவரும் பிழைப்பார்.

நடுவர்களைப் பற்றி: கொரியாவில் உருவான ஆர்க்கேஜ் அதைச் செய்தே பார்த்தது. நம் பக்கத்துக்காரர்களுக்கு உடனே புரியும் உதாரணம். காவலில்லாத நிலத்தில் நீங்கள் நட்ட பயிரை ஒருவர் பிடுங்கினால் தரையில் அவருடைய காலடித் தடம் விழும். அந்த வழியாக வரும் எவரும் தடத்தைப் பார்த்துப் புகார் செய்யலாம். குற்றப் புள்ளிகள் 50ஐ எட்டியவர் அடுத்து இறக்கும்போது நீதிமன்றத்தில் போய் நிற்பார். ஆட்டக்காரர்களிலிருந்தே ஐந்து நடுவர்கள் அமர்ந்து தண்டனைக் காலத்தை முடிவு செய்வார்கள். நான் அங்கே பரங்கிக்காய் பயிரிட்டவன், நடுவராகவும் அமர்ந்தவன். நான் அமர்ந்த அமர்வுகளில் சாட்சியத்தைப் படித்தவர்களும் இருந்தார்கள்; பேச்சில் சிரிக்க வைத்தவனுக்குக் குறைந்த தண்டனை கொடுத்தவர்களும் இருந்தார்கள். பயிரை இழந்தவருக்கு அந்த அறையில் இடமே இல்லை. அதனால்தான் நடுவரைவிடப் பாதிக்கப்பட்டவரின் கையை நம்புகிறேன்.

கேள்வி (வண்ணாமடை): ஃப்ரீ ஃபயர் ஐடி தடையாகிவிட்டது, எப்படி எடுப்பது?

பதில்: மேலே பொள்ளாச்சி நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள். இதே கேள்வி இதோடு ஆறு முறை வந்துவிட்டது. இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன். தடை எடுத்துத் தருவதாகப் பணம் கேட்பவர்களிடம் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (மீனாட்சிபுரம், ஒரு தாய்): என் மகனுக்குப் பதினான்கு வயது. ஜிடிஏ ஆன்லைனில் யாரோ தினமும் அவனைச் சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று அழுகிறான்.

பதில்: அம்மா, அந்த விளையாட்டு ஐரோப்பியத் தரக்குறியீட்டில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியது, அந்த வயதில் ஆட வேண்டியதன்று என்பதே என் முதல் பதில். உடனே நிறுத்த முடியாவிட்டால் பாசிவ் மோடை இயக்கச் சொல்லுங்கள். பிறர் அவனைச் சுட முடியாது. அவனும் பிறரைச் சுட முடியாது. பிறருடைய சொந்த வண்டிகளைத் தொடர்ந்து வெடிக்கச் செய்பவர்களை அந்த விளையாட்டு கூம்புத் தொப்பி மாட்டித் தனிக் கூட்டத்தில் ஒதுக்கிவிடும் என்பதையும் அவனிடம் சொல்லி வையுங்கள். அழுபவன் நாளைக்கு அடிப்பவனாக மாறுவதை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): காசு கொடுத்துக் குற்றப்பெயரை நீக்கிக்கொள்வது விலக்கு ஆகாதா? எல்டர் ஸ்க்ரோல்ஸில் போலி மன்னிப்புச் சீட்டு இருக்கிறதே.

பதில்: அங்கே திருடியது பெரும்பாலும் கணினி நடத்தும் ஊர்க்காரர்களிடம், அதனால் எனக்கு வருத்தமில்லை. மனிதரிடம் பறித்ததற்கு விளையாட்டுக்குள் உழைத்துச் சம்பாதித்ததைக் கட்டினால் அதுவும் ஒருவகை அபராதமே. உண்மையான ரூபாய் கொடுத்துக் குற்றப்பெயரை அழிக்கலாம் என்று எந்த விளையாட்டாவது சொன்னால், அதை அன்றே நீக்கிவிடுங்கள்.

கேள்வி (கோவிந்தாபுரம்): நான் ஈவில் ஒரு வருடம் வழிப்பறி செய்தவன். மண்டலத்துக்கு இருப்பதுபோல் ஆட்டக்காரருக்கும் உள்ள பாதுகாப்பு மதிப்பு எனக்கு –5க்கும் கீழே போய்விட்டது, எவரும் என்னைச் சுடலாம். இப்போது சரக்கு ஓட்ட ஆசை. எனக்கு ஒரு விலக்கும் இல்லையா?

பதில்: விலக்கு இல்லை, வழி இருக்கிறது. கணினி நடத்தும் கொள்ளைக் கப்பல்களை அழித்தால் மதிப்பு மெல்ல ஏறும். பொறுமை இல்லையென்றால் 2013இல் வந்த முறைப்படி அடையாள வில்லைகளை வாங்கி, குறைந்த பாதுகாப்பு மண்டலத்தில் உள்ள கான்கார்ட் நிலையத்தில் விளையாட்டுப் பணத்தோடு ஒப்படையுங்கள். அங்கே போகும் வழியில் உங்களையும் யாராவது மறிக்கலாம், மலிவான கப்பலில் போங்கள். புறப்படும் முன் பாதுகாப்புப் பொத்தானைச் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாற்றுங்கள். பச்சையில் இருக்கும்வரை குற்றமாகும் செயலைக் கப்பலே செய்ய விடாது. நீங்கள் அழித்த ஒவ்வொரு கப்பலின் அறிக்கையும் உங்கள் கணக்கில் இருக்கும். அதில் உரியவரின் பெயரும் ஏற்றியிருந்த சரக்கின் பட்டியலும் உண்டு. உவேடாமாவில் பேட்ஜர் ஏதேனும் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.