சிகிச்சையாளரே ஆய்வாளராகும்போது

அன்புள்ள அம்மா,

நான் சென்னையில் ஆலோசனை உளவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். களப்பயிற்சிக்காக வடசென்னையில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் இலவச ஆலோசனை மையத்துக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன். ஒவ்வொரு அமர்வும் முடிந்ததும் வந்தவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அப்போது என் மனம் எப்படி இருந்தது என்று குறிப்பேட்டில் எழுதிவைக்கிறேன். அதைத் திரும்பப் படித்தபோது ஒன்று தெரிந்தது. கணவரின் குடியைப் பற்றிப் பேசி ஒரு பெண் கலங்கத் தொடங்கும்போதெல்லாம், நான் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றியிருக்கிறேன். என் அப்பாவும் குடித்தவர்தான்.

இதையே ஆய்வேடாக எழுத விரும்புகிறேன். நெறியாளரோ, "உன் டைரியெல்லாம் ஆய்வாகாது, நூறு பேரிடம் வினாநிரல் கொடுத்து எஸ்பிஎஸ்எஸ்ஸில் போடு" என்கிறார் (புள்ளிவிவரக் கணக்குக்கான மென்பொருள் அது). இங்கிலாந்தில் சிகிச்சையாளர்கள் தங்கள் பணியையே ஆராய்ந்து முனைவர் பட்டம் பெறுகிறார்கள் என்று படித்தேன். அங்கே ஆய்வாக இருப்பது இங்கே டைரியாகிவிடுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி இருந்த இரண்டு பத்திகளை நீக்கிவிட்டே வெளியிட்டிருக்கிறேன். பெயரை மாற்றியிருந்தீர்கள், ஆனால் அவர் செய்யும் வேலை, கணவருக்கு நேர்ந்த விபத்து, குடியிருக்கும் பகுதி ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்தத் தெருவில் இருக்கும் எவரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் நெறியாளர். அவர் சொன்ன பதில் சரியில்லை, ஆனால் அவருடைய சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. தன்னைப் பற்றித் தானே எழுதுவது ஆய்வாகாது என்பதை நான் ஏற்கவில்லை. நூறு பேர் நிரப்பிய வினாநிரலும் நூறு பேர் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்டதுதான். அவர் உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: நீங்கள் உங்களைப் பற்றிக் கண்டறிந்ததாகச் சொல்வது தவறாக இருந்தால், அது தவறு என்று உங்களுக்கு எப்படித் தெரியவரும்? இதற்கு விடை வைத்திருந்தால் உங்கள் கையில் இருப்பது ஆய்வு. இல்லையென்றால், எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டிருந்தாலும், அது குறிப்பேடுதான்.

இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1983இல் டொனால்ட் ஷோன் எழுதிய 'த ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஷனர்' நூலை. வேலையின் நடுவிலேயே நடக்கும் சிந்தனையையும் வேலை முடிந்தபின் நடக்கும் சிந்தனையையும் அவர் பிரித்துக் காட்டினார் என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பாடத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது, அந்த நூலில் உளச்சிகிச்சைக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது என்பது. பயிற்சியில் இருக்கும் ஓர் இளம் மருத்துவரும் அவருடைய மேற்பார்வையாளரும் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசிய உரையாடலை ஷோன் அதில் வரிவரியாகப் பார்க்கிறார். மேற்பார்வையாளர் திறமைசாலி, ஆனால் ஒரு முடிவுக்குத் தான் எப்படி வந்தேன் என்பதை மாணவருக்குத் திறந்து காட்டுவதில்லை. அந்த உரையாடல் சொல்லுக்குச் சொல் கையில் இருந்ததால்தான் ஷோனால் இதைச் சொல்ல முடிந்தது. மேற்பார்வையாளர் மாலையில் வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதியிருந்தால், தன் மௌனத்தைத் தானே குறித்துவைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நினைவை நம்பி எழுதுவதில் உள்ள சிக்கல் உளச்சிகிச்சையில் பழையது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942இல் வெளியிட்ட நூலில் ஒருவருடைய சிகிச்சையை முதல் அமர்விலிருந்து எட்டாவது அமர்வுவரை, இசைத்தட்டில் செய்த ஒலிப்பதிவிலிருந்து அப்படியே எழுத்தாக்கித் தந்தார். அதற்கு முன்னால் நமக்குக் கிடைத்தவையெல்லாம் பெரும்பாலும் சிகிச்சையாளர் நினைவுகூர்ந்து எழுதிய கதைகளே. நம் சுயமதிப்பீடு எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2012இல் ஸ்டீவன் வால்ஃபிஷும் அவருடன் மூவரும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், 129 மனநலப் பணியாளர்களிடம் சக பணியாளர்களோடு ஒப்பிட்டுத் தங்களை மதிப்பிடச் சொன்னார்கள். தன்னைச் சராசரிக்குக் கீழே வைத்தவர் ஒருவர்கூட இல்லை. இது மாணவர்களின் குறைபாடு அல்ல; பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் அந்த 129 பேரில் இருந்தார்கள்.

இப்போது உங்கள் கண்டறிதலுக்கு வருவோம். "பேச்சை மாற்றினேன், ஏனென்றால் என் அப்பா குடித்தவர்" என்பதில் முதல் பாதி கவனிப்பு, இரண்டாம் பாதி விளக்கம். கவனிப்பு மதிப்புமிக்கது. விளக்கம் எனக்கு மிகச் சீக்கிரம் வந்துவிட்டதாகப் படுகிறது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மாமியாரைப் பற்றிப் பேசி ஒருவர் அழும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? இறந்துபோன தாயைப் பற்றிப் பேசி அழும்போது? அங்கேயும் பிள்ளைகளின் படிப்புக்கே தாவுகிறீர்கள் என்றால், உங்களால் தாங்க முடியாதது குடி அல்ல, கண்ணீர். அழுகை வருவது பெரும்பாலும் அமர்வின் கடைசிப் பத்து நிமிடத்தில் என்றால், வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அடுத்தவர்தான் காரணமாக இருக்கலாம். மையத்தின் பதிவுப் படிவத்தில் கணவரைப் பற்றிய கட்டத்துக்கு அடுத்த கட்டமே பிள்ளைகளைப் பற்றியதாக இருந்தால், படிவம் உங்களை இழுத்துச் சென்றிருக்கிறது என்றும் ஆகலாம். பயிற்சி மாணவர்களின் குறிப்பேடுகளைப் படிக்கும்போது நான் காண்பது இதுதான்: எல்லாத் தடுமாற்றத்துக்கும் குழந்தைப்பருவத்திலேயே காரணம் தேடுகிறார்கள், மையத்தில் இருக்கும் மேசையையும் படிவத்தையும் கடிகாரத்தையும் யாரும் சந்தேகிப்பதில்லை.

ஆகவே உங்கள் விளக்கத்தோடு மோதக்கூடிய சான்றுகளைத் தேடிச் சேருங்கள். பேச்சை மாற்றாத இடங்களையும் எண்ணுங்கள். ஒலிப்பதிவுக்கு அனுமதி கிடைத்தால், அதை ஒரு சக மாணவரோடு உட்கார்ந்து கேளுங்கள். 1960களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நார்மன் கேகன் உருவாக்கிய முறை இதற்குப் பொருத்தமானது: பதிவை ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் நீங்கள் நிறுத்துகிறீர்கள், அந்தக் கணத்தில் மனத்தில் என்ன ஓடியது என்று உடனிருப்பவர் கேட்கிறார். குறை சொல்வதும் யோசனை கூறுவதும் அவருடைய வேலையல்ல. குறிப்பேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் தேதியிடுங்கள். பிறகு தோன்றியதைப் பழைய பக்கத்தில் செருகாமல் புதிய தேதியில் எழுதுங்கள். எழுத்துப்படியைப் பேசிய தமிழிலேயே வைத்து அதிலேயே பகுப்பாய்வு செய்யுங்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில் என்பதால் எடுத்துக்காட்டுகளைக் கடைசியில் மட்டும் மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.

ஆய்வும் சிகிச்சையும் ஒரே ஆள் கையில் இருக்கலாமா என்பதில் உளப்பகுப்பாய்வு என்ற சிகிச்சைமுறையை உருவாக்கிய பிராய்டே இரண்டு விதமாகப் பேசியிருக்கிறார். 1927இல், உளப்பகுப்பாய்வில் குணப்படுத்துவதும் ஆராய்வதும் பிரிக்க முடியாதவை என்றார். ஆனால் 1912இல் மருத்துவர்களுக்கு எழுதிய கட்டுரையில், சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே அதை ஆய்வுப்பொருளாக்க வேண்டாம், அது சிகிச்சையின் பலனைக் கெடுக்கும் என்று எச்சரித்தார். களப்பயிற்சி மாணவருக்கு நான் 1912இன் பக்கம்தான் நிற்பேன். ஒரு பெண் உங்கள் முன் அழும்போது, இது மூன்றாம் அத்தியாயத்துக்கு உதவும் என்ற எண்ணம் உங்களுக்குள் ஓடினால், அவர் எதிரே கேட்பதற்கு ஆள் இல்லாமல் போய்விடும்.

அடுத்து ஒப்புதல். ஆய்வு என்னைப் பற்றியதுதானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உங்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே இன்னொருவர் இருக்கிறார். பிராய்ட் 'டோரா' என்று புனைபெயரிட்ட தன் இளம் நோயாளியின் வரலாற்றை 1905இல் வெளியிட்டபோது, அது தற்செயலாக அவள் கையில் கிடைத்தால் அவளுக்கு வேதனை தரும் என்று முன்னுரையிலேயே எழுதினார், எழுதிவிட்டு வெளியிட்டார். இன்று அப்படிச் செய்ய இயலாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு இரகசியம் காக்கப்படுவதை உரிமையாகவே வைத்திருக்கிறது. அதே ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறைகளின்படி ஆய்வின் அறநெறியைப் பரிசீலிக்கும் நெறிக்குழுவின் ஒப்புதலும் வேண்டும். ஆனால் காகிதத்தில் கையெழுத்து வாங்குவது நம் ஊரில் கடினமே அல்ல என்பதுதான் சிக்கல். இலவச மையத்துக்கு வரும் பெண்ணிடம் நீங்களே படிவத்தை நீட்டினால், "நீங்க சொன்னா சரிதான் மேடம்" என்று போட்டுக் கொடுத்துவிடுவார். மறுத்தால் அடுத்த வாரம் உள்ளே விடுவார்களோ என்ற பயமும் அதில் இருக்கும். ஆகவே ஒப்புதலைக் கேட்பவர் நீங்களாக இருக்கக் கூடாது. சிகிச்சையில் தொடர்பில்லாத ஒருவர் தமிழில் வாசித்துக் காட்டி, யோசிக்க ஒரு வாரம் கொடுத்துக் கேட்க வேண்டும்.

இங்கிலாந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லண்டனில் மெட்டனோயா நிறுவனமும் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய பட்டம் போன்றவை, ஏற்கெனவே தொழிலில் ஊன்றியவர்களுக்கானவை. உங்களுக்கு இருப்பது ஒரு பருவமும் ஒரு மையமும்.

அந்த அளவுக்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அமர்வில் நீங்கள் பேசியதை மட்டும் எழுத்தாக்குங்கள். வந்தவர் பேசிய இடத்தில் 'குடியைப் பற்றி', 'அழுகை', 'மௌனம்' என்று குறிப்பு மட்டும் போதும். உங்கள் கேள்வி நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதானே. அதற்கு அவருடைய கதை தேவையில்லை. ஒலிப்பதிவுக்கு அப்போதும் ஒப்புதல் வேண்டும், ஆனால் அவர் அடையாளம் காணப்படும் அபாயம் பெருமளவு குறைந்துவிடும். எத்தனை முறை பேச்சை மாற்றினீர்கள், எதற்குப் பின், அமர்வின் எந்த நிமிடத்தில் என்று அட்டவணையாகக் கொடுத்தால் உங்கள் நெறியாளரும் கொஞ்சம் இறங்கிவரக்கூடும். எண்ணைக் கண்டால் அவர்களுக்கு ஒரு நிம்மதி.

அப்பாவைப் பற்றிய பக்கங்களை ஆய்வேட்டில் சேர்க்க அவசரப்படாதீர்கள். அவற்றை எடுத்துச் செல்ல வேண்டிய இடம் உங்களுக்கென்று நீங்கள் தேடிக்கொள்ளும் ஓர் ஆலோசகரின் அறை. நெறியாளரிடம் மறுபடி வாதாடுமுன் மையத்தின் பொறுப்பாளரிடம் ஒலிப்பதிவு பற்றிக் கேட்டுவிடுங்கள். அவர் மறுத்தால் இந்தப் பருவத்துக்கு வினாநிரல் ஆய்வையே செய்து முடியுங்கள். குறிப்பேட்டை நிறுத்த வேண்டாம்.