சுரைக்கொடிக்காக எழுந்த குரல்

அன்புள்ள ஐயா,

நான்காம் நூற்றாண்டுத் துறவி ஜெரோம் எளியவர்களுக்காக விவிலியத்தை லத்தீனில் பெயர்த்தார் என்று எழுதியிருந்தீர்கள். குருமார் மட்டுமே அறிந்த மொழியில் பெயர்ப்பது எளியவர்களுக்கு எப்படி உதவும்? அவருக்கு முந்தைய கொச்சையான லத்தீன் பெயர்ப்புகளைப் பொருட்படுத்தத்தான் வேண்டுமா? வுல்காத்தா எனப்படும் அவருடைய பெயர்ப்பை எந்தப் பதிப்பில் வாசிக்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பதிப்பைப் பற்றி நல்ல நூலகர் எவரும் சொல்லிவிடுவார். உங்கள் மற்ற கேள்விகள் சில வாரங்களாக என் மனத்தில் கிடக்கும் ஒன்றைத் தொட்டுவிட்டன.

லத்தீன் குருமாரின் மொழியாகச் சுருங்கியது பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு. பாப்பரசர் தமாசு 382இல் நற்செய்திகளைத் திருத்தும் பணியை ஜெரோமிடம் ஒப்படைத்தபோது, மேற்கில் அது சந்தையிலும் அடுப்படியிலும் பேசப்பட்ட மொழி. முந்தைய பெயர்ப்புகளைக் கொச்சை என்கிறீர்களே, அந்தச் சொல்லை எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! பெயர் தெரியாத மனிதர்கள், தம் அண்டை வீட்டாருக்குப் புரியவேண்டும் என்பதற்காகவே அவற்றைச் செய்தார்கள். ஒருகாலத்தில் சொல்லணி கற்பித்த, பின்னர் வட ஆப்பிரிக்காவில் ஆயரான அகுஸ்தீனே, ஆப்பிரிக்க மக்களின் செவிக்குக் குறில் நெடில் பிடிபடாததால் எலும்பைக் குறிக்கும் 'ஒஸ்' வாயைக் குறிக்கும் 'ஓஸ்' ஆகக் கேட்கிறது, ஆகவே இலக்கணத்துக்குப் புறம்பான 'ஒஸ்ஸும்' என்றே சொல்லலாம் என்றார். மக்களுக்குப் புரியாமல் போவதைவிட இலக்கணிகள் நம்மைக் கண்டிப்பதே மேல் என்பது அவர் கருத்து.

அதே அகுஸ்தீன் 403இல் ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. இன்றைய திரிப்போலியான ஓயாவில், அவ்வூர் ஆயர், ஜெரோமின் புதிய பெயர்ப்பிலிருந்து இறைவாக்கினர் யோனாவின் நூலை வாசிக்கச் செய்தார். யோனாவுக்கு நிழல் தந்த செடி, தலைமுறைகளாகச் சபை கேட்டுவந்த சுரைக்கொடியாக இல்லாமல் வேறொன்றாக ஒலித்ததும், கூட்டம் கொதித்தெழுந்தது. மக்களை இழந்துவிடுவோமோ என்று அஞ்சிய ஆயர் வாசகத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. ஜெரோம் எழுதியிருந்தது 'ஐவி' என்னும் படர்கொடி. மூலத்தில் உள்ள எபிரேயச் சொல்லோ 'கீகாயோன்'. நம் பழைய தமிழ் வேதாகமம் அதை ஆமணக்கு என்று பெயர்த்திருக்கிறது, ஜெரோம் தம் விளக்கவுரையில் வருணிக்கும் அகன்ற இலைச் செடிக்கும் அதுவே பொருந்துகிறது. ஆக, இரு தரப்பாரிடமும் சரியான செடி இல்லை. ஆனால் ஒரு செடியின் பெயருக்காக எளிய மக்கள் எழுந்து நின்றார்கள் என்றால், அந்தக் கொச்சைப் பெயர்ப்பு அவர்களுடைய சொந்த உடைமையாகிவிட்டிருந்தது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? ஜெரோமின் உழைப்பை நான் வணங்குகிறேன். ஆயினும் தம் பதிலில் அவர் அந்த மக்களைச் சுரைக்காய்க்காரர்கள் என்று எள்ளியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் பாட்டிக்கு எழுத்து தெரியாது; இருபத்துமூன்றாம் சங்கீதம் முழுதும் மனப்பாடம். ஒரு ஞாயிறன்று எங்கள் ஊர்க் கோயிலில் யாரோ புதிய பெயர்ப்பை எடுத்து, "ஆண்டவரே என் ஆயர்" என்று தொடங்கினார். "கர்த்தர் என் மேய்ப்பரால்லா இருக்காரு" என்று பாட்டி உரக்கச் சொல்லி எழுந்தார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான், அவர் கையைப் பிடித்திழுத்து உட்காரவைத்தேன்.