செஸ்ல, கிளப் லெவல்ல ஒரு சிப்பாய் அதிகமா இருந்தும் கேம் டிராவுல முடியுதே, எப்படி?

பெரும்பாலும் யானை எண்ட்கேம்தாங்க (யானைங்க மட்டும் மிஞ்சற கடைசிக் கட்டம்) காரணம். மத்த காயெல்லாம் வெட்டுப்பட்டு ஆளுக்கு ஒரு யானை, எதிராளிக்கு மட்டும் கூட ஒத்தை சிப்பாய்னு நின்னா சுத்தி நிக்கறவங்க "முடிஞ்சுது"ன்னு நகர ஆரம்பிச்சிடுவாங்க. ஆனா ஒரே ஒரு பொசிஷன் தெரிஞ்சிருந்தா போதும், தப்பிச்சிடலாம்.

ஒரு டோர்னமென்ட்ல எனக்கு இதேதான் வந்துச்சு. நான் கருப்பு. எதிராளியோட ராஜா டி5 (எழுத்து நெடுக்கு வரிசை, நம்பர் குறுக்கு வரிசை), சிப்பாய் இ5, யானை ஏ7. என் ராஜா இ8, யானை பி6. இந்த பி6லதான் உயிரே இருக்கு, யானை ஆறாவது வரிசைய மொத்தமா அடைச்சிட்டு நிக்கறதால அவர் ராஜா மேல ஏறவே முடியாது, நான் பாட்டுக்கு பி6, ஜி6, பி6ன்னு அதே வரிசையில நகத்திட்டு இருந்தேன். அவரும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு சிப்பாய இ6க்கு தள்ளினாரு. அந்த செகண்டே யானைய பி1க்கு இறக்கிடணும். ஏன்னா கீழேருந்து செக் கொடுத்தா அவர் ராஜா ஒளியறதுக்கு இருந்த இடமே இ6தான், அதுல இப்ப அவரோட சிப்பாயே உக்காந்திருக்கு! ராஜா டி6 வந்தா டி1ல செக், இ5 வந்தா இ1ல செக், அப்படியே ஓட வேண்டியதுதான். சிப்பாய் இ5ல இருக்கும்போதே அவசரப்பட்டு யானைய இறக்கினா ராஜா மேல ஏறிடும், அப்புறம் ரொம்ப கஷ்டம்.

இது ஃபிலிடோர்ங்கற பிரெஞ்சுக்காரர் 1777லயே எழுதி வெச்சது. மனுஷன் தொழில்ல இசையமைப்பாளர் வேற.

இன்னொண்ணு, மூணு தடவை அதே பொசிஷன் வருதுன்னு டிரா கேக்கறப்ப நிறைய பேர் மூவை போர்டுல ஆடிட்டு கைய தூக்குவாங்க, அது செல்லாது. ஆடப்போற மூவை ஷீட்ல எழுதிட்டு, காய தொடாம, கிளாக்க நிறுத்தி ஆர்பிட்டர (நடுவர) கூப்பிடணும். சிப்பாய் நகராம, வெட்டும் இல்லாம 50 மூவ் போனாலும் இப்படி கேக்கலாம். ஒவ்வொரு மூவுக்கும் கிளாக்ல 30 செகண்ட் கூடற (இன்கிரிமென்ட்) கேம்ல இது ரொம்ப முக்கியம், இல்லன்னா எதிராளி விடியற வரைக்கும் ஆடிட்டே இருப்பாரு.

முடிஞ்சப்புறம் அவரு "சிப்பாய தள்ளாம வெச்சிருந்தா ஜெயிச்சிருப்பேன்ல?"ன்னாரு. இல்ல சார், என் யானை ஆறாவது வரிசைய விட்டு இறங்கியே இருக்காது, அப்பவும் டிராதான்.